நடுநிலை பிறழ்ந்த கம்பி

"கணினி படுத்துவிட்டது" என்று இன்று எல்லாரும் சொல்கிறோம். படுத்தல் என்னும் அந்த ஒரு வினைக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எழுத்துகள் அப்படியே நிற்க, சுட்டியும் நகராமல் திரை உறைந்துபோவது ஒன்று. நீலத்திரை தோன்றி, ஆங்கிலத்தில் ஏதோ குறியீட்டைக் காட்டிவிட்டுத் தானே மறுபடி தொடங்குவது இன்னொன்று. எவ்வித முன்னறிவிப்புமின்றி, ஊதி அணைத்த விளக்கைப்போல் நொடியில் இருண்டுபோவது மூன்றாவது. முதல் இரண்டிலும் பொறிக்கு உயிர் இருக்கிறது, அறிவுதான் கலங்கியிருக்கிறது. மூன்றாவதில் உயிரே நின்றுவிடுகிறது. மலர்க்குழுவினர் எம்மிடம் சங்க இலக்கியக் கட்டுரை ஒன்றை எதிர்பார்த்திருக்கக் கூடும். எனினும் சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் பழக்கம் இலக்கியத்திற்கு வெளியேயும் ஒருமுறை எமக்குக் கைகொடுத்தது. அதனை எழுத வேண்டுமெனத் தோன்றியதால் இம்முறை பாடுபொருளை மாற்றிக்கொண்டோம். தமிழ்த்துறை பொறுத்தருள்க.

எம் இல்லத்துக் கணினி 2016இல் வாங்கியது. மகளின் படிப்புக்கென வந்தது. நாளடைவில் எம் எழுத்துப் பணியும் அதிலேயே குடியேறிற்று. 2023 சூன் மாதத்தில் அதற்கு மூன்றாவது வகை நோய் கண்டது. முதலில் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆகத்து மாதத்தில் பெரும்பாலும் நாள்தோறும் அணைந்தது.

அக்காலத்தில் அக்கணினியில் நடந்துகொண்டிருந்த பணியை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். எம் பாட்டனார் பினாங்கில் வணிகம் செய்தவர். வாப்பும்மா ஊரிலிருந்து 1950களில் அவருக்கு எழுதிய மடல்கள் 63, ஒரு தகரப்பெட்டியில் திரும்பி வந்திருந்தன. அனைத்தும் அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட முறை அது. தமிழ் எழுத்தறியாத நம் மூதாட்டியர் பலர் அம்முறையில் தடையின்றி எழுதவும் படிக்கவும் வல்லவராயிருந்தனர். அச்சிட்ட அரபுத்தமிழை யாமும் எழுத்துக்கூட்டிப் படிப்போம். வாப்பும்மாவின் கையெழுத்து அவ்வாறு வசப்படுவதன்று. பாதிப் புள்ளிகள் இரா. அதனை ஓட்டமாகப் படிக்கத் தெரிந்தவர் எம் குடும்பத்தில் இன்று ஒருவரே: வாப்பாவின் தமக்கை. மாமி என்று அழைக்கிறோம். அகவை எண்பதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று. மறு கண்ணில் நீரழுத்த நோய். மின்விளக்கொளி அவருக்குக் கூசும். மேற்குச் சாளரத்தின் வழியே மாலை வெயில் சாய்ந்து விழும் ஒன்றரை மணி நேரமே அவருக்கு எழுத்துத் தெளிவாகத் தெரியும் பொழுது. அவர் படிப்பார், யாம் தட்டச்சு செய்வோம்.

கணினி அணைந்ததும் பெரும்பாலும் அப்பொழுதில்தான்.

"அந்தப் பொட்டி மறுபடியும் மவுத்தாப் போச்சா வாப்பா?" என்று மாமி கேட்பார். முதலில் சிரிப்புக்கு இடமாக இருந்தது. தட்டச்சு செய்வதைக் கோப்பாக்கும் மென்பொருள், வாங்கியபடியே விட்டால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாகச் சேமித்து வைக்கும். அதனை ஒரு நிமிடமாக மாற்றிக்கொள்ள வழியுண்டு. மகள் மாற்றித் தந்தாள். அம்மாற்றம் செய்வதற்கு முந்தைய நாளில் போனது ஒரு மடலின் பிற்பாதி. குடும்பத்தில் நான்காவதாகப் பிறந்த ஆண்மகவு காய்ச்சலில் இறந்த செய்தியை வாப்பும்மா கணவருக்கு எழுதிய மடல் அது. அந்த மகவு மாமியின் தம்பி. மாமி மடியில் வைத்து வளர்த்த பிள்ளை. திரை இருண்டதைக் கண்டு, "மாமி, இன்னொருமுறை படியுங்கள்" என்று யாம் வேண்டினோம். அவர் மடலை மடித்தார். "ஒரு தடவை அழுதாச்சு வாப்பா. இன்னொரு தடவையும் அழச் சொல்றியா?" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் இந்நோயை ஆராயாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

முதற்கண் நகரிலுள்ள ஒரு பழுதுபார்ப்பகத்திற்குக் கணினியைக் கொண்டு சென்றோம். மூன்று நாள் வைத்திருந்தனர். இரவும் பகலும் ஓடியது, ஒருமுறைகூட அணையவில்லை. "மெஷின்ல ஒண்ணுமே இல்ல சார்" என்ற இளைஞர், மென்பொருளனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவி, 600 ரூபாய் பெற்றுக்கொண்டார். கோப்புகளை மகள் முன்னரே படியெடுத்து வைத்திருந்தாள். வீடு சேர்ந்த அன்று மாலையே கணினி அணைந்தது. மருத்துவர் முன்னிலையில் மட்டும் காய்ச்சல் தணிந்துவிடும் பிள்ளைகள் உண்டல்லவா!

ஆனால் அந்த மூன்று நாள் வீணாயிற்றென்று யாம் கருதவில்லை. அங்கே நன்றாயிருந்த பொறி இங்கே நோயுறுகிறதென்றால், இரண்டு இடங்களுக்கும் வேறுபாடான ஒன்றைத் தேட வேண்டும். மேசை, தட்டச்சுப் பலகை, வெப்பம், மின்சாரம் என்று அவற்றைச் சுருக்கிவிடலாம். ஒரே நேரத்தில் நான்கையும் மாற்றினால் நோய் தீரலாம். எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. ஆகவே ஒன்றை மாற்றி, மற்றவற்றை அப்படியே விட்டு, மூன்று நாள் பார்ப்பதென வகுத்துக்கொண்டோம். பாடபேதம் பார்க்கும் முறையும் இதுவே.

மகள் கணினியின் உள்ளே இருக்கும் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். விண்டோஸ் தனக்கு நேர்ந்ததையெல்லாம் நாளும் மணியும் இட்டு எழுதிவைக்கிறது. இது பலருக்குத் தெரியாது. ஒவ்வோர் அணைவுக்கும் நேராக "கெர்னல்-பவர் 41" என்னும் குறிப்பு இருந்தது. முறைப்படி மூடப்படாமலே கணினி நின்று மீண்டும் தொடங்கியது என்பதே அதன் பொருள். அக்குறிப்பின் உட்பகுதியில் பிழைக்குறியீடு என்னும் இடத்தில் ஒவ்வொருமுறையும் சுழியம். மென்பொருள் கலங்கி நீலத்திரை தோன்றியிருந்தால் அங்கே பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். சுழியமாயின், பிழையை எழுதிவைக்கக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறது என்று கொள்ளலாம். யாம் தொடக்கத்தில் செய்த மூவகைப் பிரிப்புக்கு இது சான்றாயிற்று.

வெப்பத்தையும் நினைவகத்தையும் விரைவில் விலக்கிவிட்டோம். மின்விசிறியிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளிலும் படிந்த தூசியைத் துடைத்தபின், வேலை மிகுந்த பொழுதிலும் மையச் செயலி 62 பாகைக்கு மேல் ஏறவில்லை. பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும் வெப்பம் 100 பாகையை ஒட்டியது. நினைவகத்தைச் சோதிக்க 1994இல் வெளிவந்து இன்றும் வழங்கும் மெம்டெஸ்ட்86 என்னும் நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டோம். ஒரு பிழையுமில்லை. கணினியும் அவ்விரவில் அணையவில்லை. அந்த இரண்டாவது செய்தியை அன்று மகளே கவனித்துச் சொன்னாள்: "வாப்பா, ராத்திரியில அது அணைஞ்சதே இல்ல."

அன்றே ஒரு பழைய நாட்குறிப்பேட்டில் அணையும் நேரங்களை எழுதத் தொடங்கினோம். பதினெட்டு நாளில் இருபத்திரண்டு பதிவுகள். அவற்றுள் பதினாறு, மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்டவை. மூன்று, வெள்ளிக்கிழமை முற்பகலில். எஞ்சிய மூன்றுக்கும் ஒழுங்கு தென்படவில்லை. ஏட்டை வைத்துக்கொண்டு யாம் தலையைச் சொறிந்துகொண்டிருக்கையில், காய்கறி நறுக்கியபடியே எம் இல்லாள் சொன்னார்: "அந்நேரந்தானே மோட்டார் போடுறோம்."

மஃரிபுக்கு முன் மேல்தொட்டியில் நீர் நிரம்ப வேண்டும் என்பதற்காக ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரை மாலையில் இயக்குவது எம் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை குளியலுக்காக முற்பகலிலும் ஒருமுறை. வீட்டின் காலக்கணக்கு முழுவதும் அவர் கையில் இருந்தது. ஏடு யாம் வைத்திருந்தோம்.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதைப்போல் ஐந்து மடங்குவரை இழுப்பதுண்டு. எனவே மோட்டார் கிளம்புகையில் மின்னழுத்தம் சற்றுத் தாழ்வது எவ்வீட்டிலும் இயல்பே. இச்செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர் ஸ்டெபிலைசர் வைக்கச் சொன்னார். பழுதுபார்ப்பகத்து இளைஞர் யூபிஎஸ் வாங்கச் சொன்னார். இரண்டும் விலைக்குக் கிடைப்பவை. வாங்கியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. எமக்கு ஓர் ஐயம் மட்டும் நின்றது. ஊரில் மோட்டார் இல்லாத வீடில்லை. பக்கத்து வீட்டுக் கணினி அணையவில்லை. எம் வீட்டிலேயே ஆறு ஆண்டுகள் இதே மோட்டாரும் இதே கணினியும் பகையின்றி வாழ்ந்தன. எனின், புதிதாய் வந்தது எது?

எம் வீட்டில் இருபதாண்டுகளாக மின்பணி செய்துவரும் அண்ணன் ஒருவரை அழைத்தோம். மல்டிமீட்டரை எடுத்துக் கணினி அறையின் கொக்கியில் வைத்தார். 230 ஓல்ட்டு. மோட்டாரைப் போடச் செய்தார். 216. யாம் எம் பங்குக்குப் படித்து வைத்திருந்தோம்: அறிவித்த அழுத்தத்திலிருந்து நூற்றுக்கு 6 வரை கூடவோ குறையவோ செய்யலாம் என்பது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் கணக்கு. 230இல் அது 216 முதல் 244 வரை. ஆகவே, "எல்லைக்குள்தானே அண்ணே இருக்கிறது?" என்றோம்.

அவர் விடை சொல்லாமல் முன்கூடத்திற்குச் சென்றார். அங்குள்ள கொக்கியில் வைத்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் அங்கே 237. நிறுத்தச் சொன்னார். 230. மறுபடி போடச் சொன்னார். 237. கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூறினார்: "ஓல்ட்டு குறையும், கூடும், அது சகஜம் சார். ஒரே வீட்டுல ஒரு பக்கம் குறையிறப்ப இன்னொரு பக்கம் கூடுச்சுன்னா, அது நியூட்ரல்."

அவர் கூறியதை மாணவர்களுக்காகச் சற்று விரித்துரைப்போம். எம் வீட்டுக்கு மும்முனை இணைப்பு. மூன்று கம்பிகளின் வழியே மின்சாரம் முறைவைத்து வருகிறது. மூன்றுக்கும் பொதுவான மீள்வழியாய் அமைவது நியூட்ரல் எனப்படும் நடுநிலைக் கம்பி. மூன்று பக்கத்துச் சுமையும் ஒன்றாயிருந்தால் நடுநிலைக் கம்பியில் மின்னோட்டமே இராது. சுமைகள் ஏற்றத்தாழ்வாய் இருக்கையில், எந்தப் பக்கமும் சாயாமல் நின்று, ஒவ்வொரு முனைக்கும் 230 ஓல்ட்டு கிடைக்கச் செய்வதே அதன் தொழில். அதன் இணைப்பு எங்கேனும் தளர்ந்தால் அது நின்ற இடத்தில் நில்லாது. சுமை மிகுந்த முனையை நோக்கிச் சாயும். அம்முனையில் அழுத்தம் குறையும், பிற முனைகளில் கூடும். இணைப்பு முழுவதும் அறுந்துவிட்டால், சுமை குறைந்த முனையில் 230க்குப் பகரமாக 400ஐ ஒட்டிய அழுத்தம் பாய்ந்து, குளிர்பதனப் பெட்டி முதல் விளக்குவரை எரிந்துபோவதும் உண்டு. நடுவு நிலைமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எமக்கு, அப்பெயர் பூண்ட கம்பி ஒன்று எம் வீட்டுச் சுவரிலேயே பிறழ்ந்து கிடந்தது அன்றுவரை தெரியாது.

நடுநிலைக் கம்பிக்கும் நிலத்தொடர்புக் கம்பிக்கும் இடையே அண்ணன் அளந்தார். மோட்டார் நிற்கையில் ஓர் ஓல்ட்டு; ஓடுகையில் 14. அதுவே உறுதியான சான்று என்றார். முதன்மைச் சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றி உள்ளிருந்த நியூட்ரல் லிங்கைக் காட்டினார். பழைய அலுமினியக் கம்பியும் பிற்காலத்துச் செம்புக் கம்பியும் ஒரே திருகாணியின் கீழ் நெருக்கப்பட்டிருந்தன. இரண்டும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ள, இடையே உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்படும். அதன்மேல் படியும் வெண்துகள் மின்சாரத்தைக் கடத்தாது. எம் ஊர் சோழமண்டலக் கடற்கரையில் உள்ளது. ஈரத்துக்கும் உப்புக்கும் பஞ்சமில்லை. பித்தளைத் துண்டின் ஒருபுறம் கருகியிருந்தது. கம்பியின் மேலுறை நான்கு விரல் நீளத்துக்கு உருகி வடிந்து பலகையில் ஒட்டியிருந்தது.

14 ஓல்ட்டையும் 7 ஆம்பியரையும் பெருக்கினால் 98 வாட்டு. பழைய நூறு வாட்டுக் குமிழ்விளக்கை நாம் அறிவோம். எரியும்போது கையால் தொட இயலாது. அந்த வெப்பம் முழுவதும் கட்டைவிரலளவுப் பித்தளையில், தேக்குப் பலகையின் மேல், நாள்தோறும் மாலை அரைமணி நேரம் தங்கியிருக்கிறது. மாமி படுக்கும் கட்டில் அச்சுவருக்கு மறுபுறத்தில் உள்ளது. யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்திருந்தால் கணினி அணைவது நின்றிருக்கும். பலகை சூடேறுவது நின்றிராது. அதைச் சொல்ல வீட்டில் வேறு எதுவும் இருந்திராது. மடிக்கணினி வாங்கலாமே என்று கேட்டவர்களுக்கும் இதுவே எம் விடை.

அண்ணன் கருகிய பகுதியை வெட்டி, இரு உலோகங்களுக்கும் ஏற்ற லக்குகளை அழுத்திப் பொருத்தி, புது லிங்க் அமைத்தார். அலுமினியக் கம்பி நாட்பட நசுங்கித் தளரும் இயல்புடையதாதலால் ஆண்டுக்கொருமுறை திருகாணிகளை முறுக்கிப் பார்க்க வேண்டும் என்றார். இப்பணி அறிந்தவர் செய்ய வேண்டிய பணி. மாணவர்கள் ஆர்வத்தால் மூடியைத் திறத்தல் கூடாது.

நோய் பெரும்பாலும் தீர்ந்தது; முற்றும் தீரவில்லை. அடுத்த ஒரு மாதத்தில் இருமுறை அணைந்தது. இரண்டும் வீதியில் மின்சாரம் நின்று இன்வெர்ட்டருக்கு மாறிய கணத்தில் நேர்ந்தவை. அப்போதுதான் ஏட்டில் ஒழுங்கு காணாமல் கிடந்த மூன்று பதிவுகளின் பொருளும் விளங்கிற்று. இம்முறை எம் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் உதவினார்.

கணினிக்கு மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, 230 ஓல்ட்டு மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 ஓல்ட்டு நேர்மின்னோட்டமாக்கித் தருகிறது. இக்காலத்துப் பெட்டிகள் பல 100 முதல் 240 வரை எந்த அழுத்தத்தையும் ஏற்பவை. ஆதலின் 216 என்பது அதற்குப் பட்டினியன்று. அது தாங்காதது இடைவெளியை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி நொடி. வரவு நின்றுபோனால் பெட்டியிலுள்ள பெரிய மின்தேக்கி, தன்னிடம் உள்ள சேமிப்பைக் கொண்டு முழுச்சுமையிலும் ஏறத்தாழ 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்க வேண்டுமென்பது பொது வரையறை. அதற்குமேல் இயலாதெனில், 'மின்சாரம் சரி' என்று தான் தந்துவந்த குறிப்பைப் பெட்டி விலக்கிக்கொள்ளும். கணினி அக்கணமே நிற்கும். மின்தேக்கியின் உள்ளிருக்கும் நீர்மம் வெப்பத்தில் உலர்வது. வெப்பம் 10 பாகை கூடினால் அதன் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகும் என்பர். எம் பெட்டி ஏழு கோடைகளைக் கண்டது. நண்பர் அதனைத் திறந்து, தேங்கிய மின்சாரத்தை முறைப்படி வடித்தபின் காட்டினார். மின்தேக்கியின் தலைப்பகுதி ஊதியிருந்தது. 330 மைக்ரோஃபாரடு என்று எழுதியிருந்ததில் பாதிகூட எஞ்சியிருக்கவில்லை. (கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் 300 ஓல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். இதனையும் வீட்டில் திறக்க வேண்டா.)

தளர்ந்த திருகாணியில் மோட்டார் கிளம்பும்போது தீப்பொறி பறந்து மின்சாரம் கணநேரம் அறுந்திருக்கிறது. நல்ல மின்தேக்கியாயிருந்தால் அவ்விடைவெளியை நிரப்பியிருக்கும். மின்தேக்கி நலிந்திருந்தும் இணைப்பு நன்றாயிருந்தால் நாள் கடந்திருக்கும். பழுதுபார்ப்பகத்தில் மூன்று நாள் கடந்தது அதனால்தான். இருவரில் ஒருவரே அங்குச் சென்றிருந்தார். புதிய எஸ்எம்பிஎஸ் 2023 அக்டோபரில் பொருத்தினோம். அதன்பின் நிகழ்வுப் பதிவேட்டில் 41ஆம் எண் ஒருமுறையும் விழவில்லை.

மாமி மீண்டும் சாளரத்தடியில் அமர்ந்தார். முதல் இரண்டு நாள், மோட்டார் ஓசை கேட்டதும் படிப்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். ஒரு மடலில் வாப்பும்மா, பினாங்கிலிருந்து வந்த குடையின் கைப்பிடியைப் பிள்ளைகள் உடைத்ததைப் புகாராக எழுதியிருந்தார். உடைத்தவர் தாமே என்று மாமி எழுபதாண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டு சிரித்தார். அதனை அடைப்புக்குறிக்குள் சேர்த்துத் தட்டச்சு செய்தோம்.

இதுவரை 62 மடல்கள் முடிந்தன. எஞ்சியது ஒன்று. அதனை மாமி பெட்டியின் அடியில் வைத்து, மேலே ஒரு பழைய கைக்குட்டையை விரித்திருக்கிறார். யாம் கேட்கவில்லை.